வெள்ளம் திரும்புகிற கரையில் ஒரு பகல்

"செருப்பைக் கழட்டிக் கையில வெச்சுக்குங்க." விடியற்காலை ஐந்து மணி இருட்டில் எங்கள் வழிகாட்டி சொன்ன முதல் வார்த்தை அதுதான். பக்கத்தில் கோயில் ஏதும் இருக்கிறதோ என்று சிலர் சுற்றிப் பார்த்தார்கள். அவர் சொன்ன காரணம் வேறு. மணலில் வலை கிடக்கும். செருப்புக் காலுக்கு அது தெரியாது, வெறுங்காலுக்குத் தெரிந்துவிடும். மிதித்துக் கண்ணி அறுந்தால் அதைக் கட்ட ஒரு ஆளுக்கு அரை நாள் போகும்.

புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சென்னை பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரைக்கு வடக்கே, அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குத் தெற்கே, ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. பிரம்மஞான சபையை அடையாற்றில் நிலைநிறுத்திய ஆல்காட்டின் பெயர் இரண்டாவது குப்பத்துக்கு. கல்லூரி மாணவர்கள், கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் தம்பதி, பேத்தியோடு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை என்று பதின்மூன்று பேர் விடியலிலிருந்து மாலை வரை மீனவர் ஒருவரோடு கரையில் இருக்கலாம் என்ற ஏற்பாட்டில் சேர்ந்திருந்தோம். வழிகாட்டிக்கு அறுபது வயதிருக்கும். சிறுவயதில் அப்பாவோடு கட்டுமரத்தில் போனவர். இப்போது அவர் மகன் ஃபைபர் படகில் போகிறார். தன் பெயரைப் போட வேண்டாம் என்றார். "ஊரு பேரைப் போடுமா, போதும்."

பெசன்ட் நகருக்கு நான் இருபது ஆண்டுகளாக வந்துபோகிறேன். சுண்டல், பஜ்ஜி, மாலைக் காற்று, அஷ்டலட்சுமி கோயில், வேளாங்கண்ணி மாதா கோயில். அத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட வடக்கே அரை கிலோமீட்டர் நடந்து இந்தக் குப்பத்துக்கு வந்ததில்லை. நகரத்தில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போலத்தான் இருப்பார்கள்.

ஐந்தரை மணிக்குக் கிழக்கே கீற்றாக வெளிச்சம் வந்தபோது படகுகள் திரும்பத் தொடங்கின. நேராகக் கரைக்கு வரவில்லை. அலை உடையும் கோட்டுக்கு அப்பால், ஒவ்வொன்றும் மூக்கைக் கரைப்பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தன. எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று மாணவி ஒருத்தி கேட்டாள். வழிகாட்டி பேசாமல் கடலைக் காட்டினார். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு கொஞ்சம் ஓயும். அந்த ஓய்வுக்குள் கரையேறிவிட வேண்டும். பின்னாலிருந்து பெரிய அலை பிடித்தால் படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்துவிடும். படகின் பின்முனையான பிச்சலில் நிற்பவர் தலையைத் திருப்பித் திருப்பிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று மோட்டார் இரைந்தது. படகு அலையின் முதுகில் ஏறி வழுக்கிக்கொண்டு வந்து மணலில் மோதி நின்றது. நாங்கள் கை தட்டினோம். இறங்கிய நால்வரும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த அலை இழுத்துக்கொண்டு போகும் முன்னால் படகை மேலே தள்ள வேண்டியிருந்தது. வழிகாட்டி ஓடிப்போய்த் தோள் கொடுத்தார். மாணவர்களும் ஓடினார்கள்.

கட்டுமரக் காலத்தில் இந்த வேலை வேறு மாதிரி. மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்தது கட்டுமரம். தண்ணீர் அதன் இடைவெளிகளில் புகுந்து வெளியேறும், மூழ்காது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாகக் காயப் போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும், காய்ந்தால்தான் மறுநாள் மிதக்கும். உலக மொழிகளுக்கெல்லாம் பெயரைக் கொடுத்த அந்த மரம் இன்று இந்தக் கரையில் அரிது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் அந்த மாற்றத்தை வேகப்படுத்தின. கட்டுமரம் போய்விட்டதே என்று ஆசிரியை வருத்தப்பட்டார். வழிகாட்டி வருத்தப்படவில்லை. "இடுப்பு உடைஞ்சு போற வேலைம்மா அது. ஆனா ஒண்ணு. பாய் கட்டிப் போனப்ப காத்தைத் தெரிஞ்சே ஆகணும். இப்ப பசங்க பெட்ரோலை நம்புறாங்க."

வலையிலிருந்து மீனைப் பிரிப்பதைப் பார்க்கத்தான் அதிக நேரம் உட்கார்ந்தோம். செவுள் வலையில் மீன் தலையை நுழைத்துவிட்டுப் பின்வாங்க முடியாமல் மாட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு மீனையும் தனியாக எடுக்க வேண்டும். கவலை மீன் என்றால் ஒரு உதறலில் விழுந்துவிடும். நண்டு அப்படி இல்லை. எட்டுக் காலாலும் இரண்டு கொடுக்காலும் நூலைச் சுற்றிக்கொண்டு முடிச்சாகக் கிடக்கும். படகிலிருந்து இறங்கியவர்களும் வீட்டுப் பெண்களும் பள்ளிக்குப் போகும் பையன்களும் வலையைச் சுற்றி உட்கார்ந்து அதைப் பிரிக்கிறார்கள். ஒரு ஆயா என்னிடம் ஒரு நண்டை நீட்டி, "புடிச்சுப் பாரு" என்றார். பின்புறமாக, கடைசிக் கால்களுக்கு நடுவில் பிடித்தால் கொடுக்கு எட்டாது. பிடித்தேன். என் ஒரு நண்டுக்கு அவர் ஏழு நண்டு எடுத்திருந்தார். வலையில் வந்த எல்லாமும் மீனாகவும் இல்லை. பிளாஸ்டிக் பை, ஷாம்பு உறை, ஒற்றைச் செருப்பு. ஆறு கொண்டுவந்து கடலில் தள்ளிய நகரத்துக் குப்பையையும் இதே கைகள்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கின்றன. அதற்குக் கூலி கிடையாது.

புரட்டாசி என்பதால் ஏலத்தில் சூடு இல்லை. பெருமாளுக்காக நகரம் பாதி அசைவத்தை விட்டிருக்கும் மாதம். வேறு மாதத்து ஞாயிறு என்றால் இதே கிழங்கானுக்கும் சங்கராவுக்கும் போட்டி இருக்கும் என்றார்கள். கடலுக்குப் போவது ஆண்கள் என்றால், மீன் கரையைத் தொட்ட கணத்திலிருந்து கணக்கு பெண்களுடையது. ஏலம் எடுப்பது, கூறு கட்டுவது, அன்னக்கூடையில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போவது, வாங்கிய கடனுக்கு வட்டியைச் சமாளிப்பது எல்லாம் அவர்கள்தான். விற்காத மீனை உப்பில் போட்டு மணலில் காயவைத்துக் கருவாடாக்குவதும் அவர்கள்தான். புரட்டாசி முடியும்வரை அந்தக் கருவாடு வீட்டைத் தாங்கும்.

*காற்றும் வெள்ளமும்*

எட்டரை மணி வாக்கில் படகு நிழலில் உட்காரவைத்து இட்லி கொடுத்தார்கள். அப்போது வழிகாட்டி ஒரு கேள்வி கேட்டார். "இப்ப வெள்ளம் எந்தப் பக்கம் ஓடுது?"

கடலைப் பார்த்தோம். அலைகள் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தன. 'கரையை நோக்கி' என்றார் கணினிக்காரர். வழிகாட்டி தலையாட்டி மறுத்தார். அலை வேறு, வெள்ளம் வேறு. அலை மேலே தெரிவது. வெள்ளம் அடியில் ஓடும் நீரோட்டம். ஒரு தேங்காய் மட்டையை எடுத்து அலைக்கு அப்பால் விழும்படி வீசினார். பத்து நிமிடத்தில் அது எங்களைத் தாண்டி வடக்கே, முகத்துவாரத்தின் பக்கம் போயிருந்தது.

தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி வெள்ளம். வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி வெள்ளம். ஆண்டில் அதிக மாதம் தெண்டி. வடகிழக்குப் பருவமழையின் வாடைக்காற்று இறங்கும்போது வன்னி. வெள்ளத்தைப் பொறுத்துத்தான் எந்த வலை எடுப்பது, எந்தப் பக்கம் போவது, வலையை எப்படி விரிப்பது, போகலாமா வேண்டாமா என்பதெல்லாம். வெள்ளம் பலமாக இருந்தால் வலை சுருண்டுகொள்ளும், அடியில் கல்லில் மாட்டிக் கிழியும். காற்றுக்கும் அப்படியே. வடக்கே இருந்து வாடை, மேற்கே தரையிலிருந்து கோடை, இவற்றுக்கு இடைப்பட்ட திசைகளுக்கும் தனித்தனிப் பெயர். இராத்திரி தரைக்காற்று கடலுக்குள் தள்ளும், பகலேறினால் கடல்காற்று கரைக்குத் தள்ளும். பாய் கட்டிய காலத்தில் விடியுமுன் போய் மதியம் திரும்பும் வேளைக்கணக்கே இந்தக் காற்றுகள் வகுத்துக் கொடுத்ததுதான்.

இந்த அறிவு வாய்ச்சொல்லாகவே கரைந்துபோகாமல் எழுத்துக்கு வந்ததில் ஊரூர் குப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இவ்வூர் மூத்த மீனவர் எஸ்.பாளையம் காற்றையும் வெள்ளத்தையும் கவனித்துக் குறித்துவைத்தவர். சூழலியல் எழுத்தாளர் நித்தியானந்த் ஜெயராமனோடு சேர்ந்து அதைக் கடலின் அறிவியலாகவே எழுதியும் பேசியும் இருக்கிறார். அறிவியல் என்ற சொல்லை அவர்கள் மரியாதைக்காகப் பயன்படுத்தவில்லை. நாள்தோறும் பார்ப்பது, ஒப்பிடுவது, தவறினால் திருத்திக்கொள்வது. தவறினால் உயிர் போகும் என்பதால் இங்கே திருத்தம் உடனே நடக்கிறது.

தெண்டி என்ற ஒரு சொல் மட்டும் தெரிந்திருந்தால் சென்னையின் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு புரிந்துவிடும் என்று எனக்கு அன்று தோன்றியது. வெள்ளமும் சாய்வாக வந்து விழும் அலையும் மணலைச் சுமந்துகொண்டு வடக்கே போகின்றன. 1870களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்டினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் முட்டித் தெற்குப் பக்கம் சேர்ந்தது. இன்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மெரினாவின் அகலம் அப்படி வளர்ந்ததுதான். சுவருக்கு வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. ராயபுரத்திலிருந்து வடசென்னைக் கரை அரித்துக்கொண்டே போயிற்று. எத்தனையோ வீடுகளையும் கோயில்களையும் கடல் எடுத்துக்கொண்டது. இப்போது அங்கே மணலுக்குப் பதிலாகக் கருங்கல் கொட்டிக் கிடக்கிறது. கரையே இல்லாத இடத்தில் படகை எங்கே ஏற்றுவது? ஒரு குப்பத்துக்கு விரிந்த மணல், இன்னொரு குப்பத்துக்குக் கருங்கல். இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். தேங்காய் மட்டை வடக்கே போனதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

*பெயருள்ள மணல்*

பத்து மணிக்கு முகத்துவாரம் வரை நடந்தோம். மணல்மேட்டில் அடும்புக்கொடி ஊதாப் பூவோடு படர்ந்திருந்தது. ஊசிபோல் குத்தும் உருண்டைகளோடு ராவணன் மீசை. இரண்டும்தான் மணலைப் பிடித்துவைத்திருக்கின்றன. தை மாதத்துக்கு மேல் பங்குனி ஆமைகள் இரவில் ஏறி வந்து முட்டையிடுவதும் இந்த மணலில்தான். 1988 முதல் கடலாமைப் பாதுகாப்பு மாணவர் அமைப்பினர் இரவுகளில் இந்தக் கரையோரம் நடந்து அந்த முட்டைகளைக் காத்துவருகிறார்கள். அவர்களோடு நடக்கவும் பொதுமக்களுக்கு இடமுண்டு.

முகத்துவாரத்தில் உடைந்த பாலம் நிற்கிறது. 1967-ல் கட்டி 1977 வெள்ளத்தில் போனது. சினிமாக்காரர்கள் அதை விரும்புகிறார்கள். வழிகாட்டி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அதற்கு அப்பால் ஆறும் கடலும் சேரும் வாயைக் காட்டினார். கோடையில் மணல் வந்து அந்த வாயை அடைத்துவிடும். மழையில் ஆறு அதை உடைத்துக்கொண்டு போகும். வாய் திறந்தால்தான் இறால் குஞ்சும் மடவையும் ஆற்றுக்குள் ஏறி வளர்ந்து திரும்ப முடியும். ஆறு நன்றாக இருந்த நாளில், கடல் கொந்தளித்துப் படகு இறக்க முடியாத மழைமாதத்தில் ஆறே சோறு போட்டது என்றார். இன்று அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தால் வாயில் வைக்கும் மீனை அங்கே பிடிக்க மனம் வராது.

திரும்பும் வழியில் அவர் மணலைப் பெயர் சொல்லிக் காட்டிக்கொண்டே வந்தார். இது படகு ஏற்றும் இடம். இது வலை காயப்போடுவது. இது பெரிய வலை இழுக்கும் கரை, அங்கே எதையும் நிறுத்தக்கூடாது. இது கருவாட்டுக்கு. அந்த மேடு திருவிழாவுக்கும் ஊர்க்கூட்டத்துக்கும். என் கண்ணுக்கு ஒரே மணலாக இருந்தது அவருக்குப் பத்து அறைகள் உள்ள வீடு. யாருக்கும் பட்டா இல்லை. எல்லோருக்கும் உரிமை உண்டு. எந்தப் படகு எங்கே என்பதை ஊர்ப் பஞ்சாயத்து பார்த்துக்கொள்கிறது.

அரசு வரைபடங்களில் இந்த மணல் பெரும்பாலும் வெற்றிடமாகத்தான் இருந்துவந்திருக்கிறது. வெற்றிடம் என்றால் அங்கே எதையும் கொண்டுவரலாம். மெரினாவை அழகுபடுத்துவதற்காக 1985-ல் படகுகளையும் வலைகளையும் அகற்றப் போனபோது மூண்ட மோதலில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் இறந்தார்கள். பிறகு கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே கடலோரமாக மேம்பாலச் சாலை என்று ஒரு திட்டம் வந்தது. 2023-ல் நொச்சிக்குப்பத்துச் சாலையோர மீன்கடைகள் நீதிமன்றம் வரை போயின. ஒவ்வொரு முறையும் கேள்வி ஒன்றுதான்: இந்த மணல் யாருடையது? 2011-ன் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவர் குடியிருப்புகளையும் அவர்கள் பயன்படுத்தும் பொது இடங்களையும் வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. ஊரூர் குப்பத்தைச் சேர்ந்த கே.சரவணன் அந்த வேலையைத் தாமே கையில் எடுத்தார். தமிழ்நாட்டுக் கரையோரக் கிராமங்களுக்குப் போய், வலை காயும் மணலையும் படகு நிற்கும் மேட்டையும் அந்தந்த ஊர் மக்களோடு சேர்ந்து வரைபடமாக்கினார். தமிழ்நாட்டில் கடல்மீனவக் கிராமங்கள் 608. அவற்றுக்கு அரசு ஏட்டில் ஒரு கோடாவது விழ வேண்டும் என்று ஒரு மீனவர் புறப்பட்டதை நான் இந்தத் தலைமுறையின் பெரிய காரியங்களில் ஒன்றாக நினைக்கிறேன்.

இங்கே சுற்றுலாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மீனவக் கிராமத்தைப் பார்க்கக் கூட்டிப் போகும் ஒருநாள் பயணங்கள் நம் கரையெங்கும் பெருகிவருகின்றன. நானே முன்பு வேறொரு ஊரில் அப்படி ஒன்றுக்குப் போனேன். குளிர்சாதனப் பேருந்து கரை வரை வந்தது. வந்தவர்கள் படகின் மேல் ஏறி நின்று படம் எடுத்தார்கள், வலை பின்னும் கிழவரைச் சிரிக்கச் சொன்னார்கள், நாற்பது நிமிடத்தில் ரிசார்ட்டில் மீன் வறுவல் சாப்பிடப் போய்விட்டார்கள். அந்த மீன்கூட அந்தக் கரையில் வாங்கியதில்லை. அன்றைக்கு ஊர்க்காரர் ஒருவரும் எங்களிடம் பேசவில்லை. பேச நேரம் ஒதுக்கப்படவில்லை. அப்படிப்பட்ட பயணம் ஒரு நாள் அந்தக் கரையையே ரிசார்ட்டுக்குக் கொடுத்துவிடும். கரையை அழகான காட்சியாக மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, படகும் வலையும் கருவாட்டு வாடையும் காட்சியைக் கெடுக்கும் பொருள்கள் ஆகிவிடும்.

ஊரூரில் ஒழுங்கு வேறாக இருந்தது. வழிகாட்டி ஊர்க்காரர். பதினைந்து பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. கேட்காமல் யார் முகத்தையும் படமெடுக்கக் கூடாது. மீன் பிரிக்கும் நேரத்தில் கேள்வி கேட்கக் கூடாது, பிரித்து முடித்த பிறகு எத்தனை வேண்டுமானாலும் கேட்கலாம். சாப்பாடு ஊர்ப் பெண்கள் சமைத்தது, பணம் அவர்கள் கையில். 2015-ல் இந்தக் குப்பத்தில் பாடகர் டி.எம்.கிருஷ்ணாவும் நண்பர்களும் ஊராரும் சேர்ந்து கலைவிழா தொடங்கியபோது, கச்சேரி கேட்க வந்த பலருக்கு இப்படி ஓர் ஊர் இருப்பதே அன்றுதான் தெரிந்தது. ஆனால் விழா மேடையைப் பார்க்க வருவது ஒன்று, ஐந்து மணி இருட்டில் வலையை மிதிக்காமல் நடப்பது இன்னொன்று. இரண்டாவது அதிகம் நடக்க வேண்டும் என்பது என் ஆசை. பள்ளிகள் பிள்ளைகளைத் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போகும் நாள்களில் ஒன்றை இதற்குக் கொடுக்கலாம்.

மதியச் சாப்பாடு ஒரு அக்காவின் வீட்டுத் திண்ணையில். நண்டு ரசம், கிழங்கான் குழம்பு, நெத்திலிக் கருவாடு போட்ட கத்தரிக்காய். காலையில் நான் பிடித்த நண்டும் அதில் இருந்திருக்கலாம். புரட்டாசி விரதம் இருந்த தம்பதிக்குத் தனியாக சாம்பார் வைத்திருந்தார்கள். "விரதம்னா முன்னாடியே சொல்லக்கூடாதா, பூசணிக்கா கூட்டும் வெச்சிருப்பேனே" என்று அக்கா கோபித்துக்கொண்டார்.

மாலை நான்கு மணிக்கு எலியட்ஸ் கடற்கரையில் கூட்டம் சேரத் தொடங்கியது. ஷ்மிட் நினைவுச் சின்னம் வரை நடந்தோம். 1930-ல் அலையில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய் இறந்த டென்மார்க் மாலுமிக்கு எழுப்பிய வளைவு அது. வழிகாட்டி அதன் படியில் நின்று கடலைக் காட்டினார். வரிசையாக அலை உடைந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு பத்தடி அகலத்துக்கு மட்டும் அலை இல்லை. தண்ணீர் அமைதியாக இருந்தது. இரண்டு பையன்கள் அங்கேதான் இறங்கிக்கொண்டிருந்தார்கள். "பாரு, நல்லா இருக்குதுன்னு அங்க போறாங்க. கரைக்கு வந்த தண்ணி எல்லாம் அந்த வழியாத்தான் திரும்பிப் போவுது. இழுத்துடும்." அவர் இறங்கிப் போய்ப் பையன்களை மேலே வரச் சொன்னார். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும் என்று எங்களுக்கும் சொன்னார். எத்தனை பேரைத் தூக்கியிருப்பீர்கள் என்று கேட்டேன். உயிரோடா என்று திருப்பிக் கேட்டார். நான் மேலே கேட்கவில்லை.

விடைபெறும்போது அலைக்கு அப்பால் நீண்ட நுரைக்கோட்டைக் காட்டி, "தெண்டி இளைச்சிடுச்சு. இந்த அமாவாசை தாண்டட்டும்" என்றார். ஆசிரியையின் பேத்தி ஒரு தேங்காய் மட்டையைத் தேடி எடுத்து, தன்னால் முடிந்த தூரம் வீசினாள். அலை அதைக் கொண்டுவந்து அவள் காலடியிலேயே போட்டது. திரும்ப எடுத்து வீசினாள். பாட்டி கூப்பிட்டும் வரவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, காலை ஆறரை மணிக்கு என் செல்பேசி அடித்தது. பின்னால் மோட்டார் சத்தமும் ஏலச் சத்தமும்.

"யம்மா, வெள்ளம் திரும்பிடுச்சு. வன்னி. நாலு படகுக்கும் கவலை. அந்தப் பாப்பா பாட்டி நம்பர் இருந்தா குடு, சொல்லணும்."